ஒன்பதை விழுங்கும் பத்து

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஜூன் மாதம் தொடங்குகிறது என்பது நாட்காட்டிக் கணக்கு. பல பள்ளிகளில் அது முந்தைய ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொங்கல் விடுமுறையும் கழிந்து பிள்ளைகள் திரும்பும்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ஓரங்கட்டப்பட்டிருக்கும். கரும்பலகையில் 'உறவுகளும் சார்புகளும்' என்று பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் இயல் எழுதப்படும். கோடையில் சிறப்பு வகுப்பு. காலாண்டுக்குள் பாடம் முடிப்பு. அதன் பிறகு மார்ச் வரை தேர்வுக்கு மேல் தேர்வு. பெற்றோரும் இதைத்தான் விரும்புகிறார்கள். "எங்க ஸ்கூல்ல இப்பவே டென்த் போர்ஷன் ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு நிம்மதி தெரிகிறது.

அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா? பத்தாம் வகுப்புக்குப் பிள்ளையையும் பெற்றோரையும் தயார் செய்வதாகச் சொல்லி நாம் செய்பவற்றில் எது உண்மையில் தயார் செய்கிறது, எது தயார் செய்வதுபோலத் தோற்றம் மட்டும் தருகிறது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

வேப்பம்பட்டை முன்வைத்து இதைப் பேசுகிறேன். சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற ஊர். நகரத்துக்குள் மனை வாங்க வசதிப்படாதவர்கள் பலர் இங்கே இடம் வாங்கி, கடன் பட்டு வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். கிழக்கே ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும்; மேற்கே திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ; வடக்கே தள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட். பல வீடுகளில் அப்பா ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. அம்மாவும் வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். சென்னையின் வசதியான பகுதிகளில் வேலை செய்யும் ஒரு தயாரிப்பு முறை இங்கேயும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, இந்த ஏற்பாடு பிள்ளையிடம் உண்மையில் இருக்கும் குறையைத் தீர்க்கிறதா? இரண்டு, வினாத்தாளின் போக்கு மாறினாலும் அது தாங்குமா? மூன்று, ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பம் அதைச் சுமக்க முடியுமா?

பயம் நியாயமானதுதான்

பெற்றோரின் பதற்றத்தை மிகை என்று ஒதுக்கிவிட்டுப் பேசத் தொடங்குவது தவறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இந்த ஊர்ப் பிள்ளையின் வாழ்க்கையில் நெடுங்காலம் கூட வருகிறது. அஞ்சல் துறையின் கிராமின் டாக் சேவக் பணிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கிறார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் சேர்க்கைக்கும் அதே மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. பிளஸ் ஒன்னில் எந்த குரூப், பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவு, ஐ.டி.ஐ.யில் எந்தத் தொழில் என்பதும் இங்கிருந்துதான் கிளை பிரிகிறது.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. இனிப் பள்ளிப் படிப்பில் பொதுத் தேர்வுகள் இரண்டே. பத்தின் எடை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே தயாரிப்பு வேண்டும் என்பதில் வாதமில்லை. எந்தத் தயாரிப்பு என்பதில்தான் வாதம்.

முன்கூட்டித் தொடங்குதல்

பள்ளிகள் தரப்பு நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். பாடம் பெரியது. தேர்வு மார்ச் மாதத்திலேயே வந்துவிடுகிறது. நடுவில் மழை விடுமுறை, தேர்தல் பணி, பயிற்சி முகாம் என்று நாட்கள் கழிகின்றன. முன்கூட்டித் தொடங்கினால் திருப்புதலுக்கு நேரம் கிடைக்கும். ஆசிரியர்களும் தங்கள் விடுமுறையைக் கொடுத்துத்தான் இதைச் செய்கிறார்கள். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒன்பது இயல்கள்: கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு. அரையாண்டோடு பாடம் நின்றுபோனால் அடிபடுவது பின்வரிசை: முக்கோணவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு. இந்த நான்கின் தொடர்ச்சியும் பத்தாம் வகுப்பில் அப்படியே வருகிறது. ஒன்பதில் சராசரி, இடைநிலை, முகடு, பத்தில் திட்டவிலக்கம். ஒன்பதில் கனசெவ்வகத்தின் பரப்பும் கனஅளவும்; பத்தில் உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம். ஒன்பதில் முக்கோணவியல் விகிதங்களும் 30, 45, 60 பாகைகளின் மதிப்புகளும். பத்தில் முற்றொருமைகளும் உயரங்களும் தொலைவுகளும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்பவர் அதன் உச்சியை 30 பாகை ஏற்றக்கோணத்தில் பார்க்கிறார். கோபுரத்தின் உயரம் என்ன? இதில் பத்தாம் வகுப்புப் பாடம் என்று சொல்லத்தக்கது படம் வரைந்து, ஏற்றக்கோணம் எது என்று குறித்து, டேன் 30 என்பது உயரத்தை 30-ஆல் வகுத்தது என்று எழுதும் ஒரே வரி. அதற்குப் பின் வருவதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு. டேன் 30-இன் மதிப்பு 1/√3 என்று தெரிய வேண்டும். உயரம் 30/√3 என்று வந்ததும், மேலும் கீழும் √3-ஆல் பெருக்கி 10√3 என்று ஆக்கத் தெரிய வேண்டும். அது மெய்யெண்கள் இயலில் வரும் விகிதப்படுத்துதல். √3-க்கு 1.732 போட்டு 17.32 மீட்டர் என்று முடிக்கத் தசமப் பெருக்கல் தெரிய வேண்டும். அது அதற்கும் கீழே உள்ள வகுப்பு. பிள்ளை 30/√3-இல் நின்றுபோனால், "டென்த் கணக்கு கஷ்டமா இருக்கு" என்று வீட்டில் சொல்லும். கஷ்டம் பத்தில் இல்லை; பறிபோன ஒன்பதில் இருக்கிறது.

அறிவியலிலும் இதே கதைதான். ஒன்பதில் வேதிப்பிணைப்பு சரியாக நடக்காத பிள்ளைக்குப் பத்தில் வேதிவினைகளின் வகைகள் வெறும் மனப்பாடம். ஒன்பதில் இயக்கம் படிக்காதவருக்குப் பத்தில் இயக்க விதிகள் மூன்று வாக்கியங்கள் மட்டுமே.

பாடம் விழுங்கப்படுவது இங்கே புதிதல்ல. பிளஸ் ஒன் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் பழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியிருந்தது. 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு அதுவே முக்கியக் காரணம். பதினொன்றை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே திணறினார்கள் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. அதே பழக்கம் ஒன்பதில் நடப்பதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. இப்போது பதினொன்றாம் வகுப்புத் தேர்வும் விலக்கப்பட்டிருப்பதால், ஒன்பது, பதினொன்று இரண்டும் விழுங்கப்படும் ஆபத்து மறுபடி வந்து நிற்கிறது.

இன்னொரு கொடுமையும் ஒன்பதில்தான் நடக்கிறது. எட்டு வரை தேர்ச்சி உறுதி. பத்தில் தேர்வை நடத்துவது அரசு. நடுவில் ஒன்பதில் மட்டும் முடிவு பள்ளியின் கையில். நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட விரும்பும் சில பள்ளிகள், தேறாது என்று நினைக்கும் பிள்ளையை ஒன்பதிலேயே நிறுத்திவைக்கின்றன, அல்லது டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போகச் சொல்கின்றன. பத்துக்குத் தயார் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பள்ளி, தயாராகாத பிள்ளையைக் கைகழுவுவதைவிடப் பெரிய தோல்வி என்ன இருக்கிறது?

என் மூன்று அளவுகோல்களில் இந்த முதல் பழக்கம் எதிலும் தேறவில்லை. குறையைத் தீர்க்காமல் புதிய குறையை உண்டாக்குகிறது. அடிப்படை இல்லாததால் வினா சற்று மாறினாலும் பிள்ளை தடுமாறுகிறது. அந்தக் குறையை அடைக்கும் செலவு டியூஷன் வடிவில் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

சிறப்பு வகுப்பும் டியூஷனும்

சிறப்பு வகுப்பை இப்படி ஒரே அடியாகத் தள்ள முடியாது. வேப்பம்பட்டைச் சுற்றியுள்ள பல வீடுகள் ஒற்றை அறை, ஹால், சமையலறை கொண்டவை. இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்க வேண்டும். தம்பி தங்கை இருப்பார்கள். டிவி ஓடும். உட்கார்ந்து படிக்க ஓர் இடம், வெளிச்சம், சந்தேகம் கேட்க ஓர் ஆள் என்ற மூன்றும் பள்ளியில் மாலை ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி. முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தொடும் பிள்ளைக்கு இதற்கு ஈடான வேறு ஏற்பாடு இல்லை.

கெடுவது எங்கே என்றால், அது படிக்கும் நேரமாக இல்லாமல் இன்னொரு பாடவேளையாக மாறும்போது. காலை ஏழரைக்கு ஸ்லிப் டெஸ்ட், எட்டு பாடவேளை, மாலை ஆறு வரை ஸ்டடி, அங்கிருந்து டியூஷன், ஒன்பது மணிக்கு வீடு, பிறகு வீட்டுப்பாடம். ஆவடிக்கோ திருவள்ளூருக்கோ ரயிலேறிப் போய்ப் படிக்கும் பிள்ளையாக இருந்தால் பயண நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. மேலே சொன்ன அட்டவணையில் ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. தூக்கம் கெட்டால் அன்று படித்தது நினைவில் தங்காது. விளையாட்டுப் பாடவேளையையும் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் உடம்பும் சோர்ந்துபோகும். அதனால் இதில் பாதிக்குப் பாதி: மாலைப் படிப்பறை வேண்டும், காலை ஏழரைத் தேர்வும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் வேண்டாம்.

டியூஷனைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தெருவுக்கு ஒரு டியூஷன் இருக்கிறது. பொறியியல் படித்து வீட்டிலிருக்கும் ஒரு பெண், பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் சிறிய டியூஷன் பல பள்ளிகள் செய்யாததைச் செய்கிறது: பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. ஆனால் பள்ளியில் நடந்த பாடத்தையே வேகமாக இன்னொரு முறை நடத்தி, அதே புத்தகக் கேள்விகளுக்கு இன்னொரு டெஸ்ட் வைக்கும் டியூஷன், பணத்தையும் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் பிரித்தறியப் பெற்றோருக்கு ஒரு கேள்வி போதும். "என் பையனுக்கு எட்டாவது, ஒன்பதாவதுல எந்தப் பாடம் தெரியலைங்க மிஸ்?" ஒரு மாதத்துக்குப் பிறகும் இதற்குப் பதில் சொல்ல முடியாத டியூஷனுக்குக் கட்டும் பணம் வீண்.

ஒன்பதிலேயே நீட், ஜே.இ.இ. அடிப்படைப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் வகுப்புகள் இந்த வரிசையில் கடைசி. கூட்டல் கழித்தலில் நம்பிக்கை இல்லாத பிள்ளையை அதில் சேர்ப்பது கடனை மட்டுமே வளர்க்கும்.

கையேடும் நூற்றுக்கு நூறும்

கணக்கு வினாத்தாளின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து. ஐந்து மதிப்பெண்ணில் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்குச் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. தேர்ச்சிக்கு 35 போதும். எனவே மெல்லக் கற்போருக்கென்று ஒரு வழி உருவாகியிருக்கிறது: வரைபடத்திலும் வடிவியலிலும் 16, இயல் இறுதியில் உள்ள (புக் பேக்) ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு மேல், இரண்டு மதிப்பெண்ணில் சில. மெல்லக் கற்போர் கையேடு என்று தெருமுனை ஜெராக்ஸ் கடை வரை கிடைக்கிறது.

இதை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பிப்ரவரியில், ஒன்றும் புரியாமல் நிற்கும் பிள்ளையைத் தோல்வியிலிருந்து காப்பாற்றும் கடைசி வழி அது. தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகள்கூட அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆனால் பிப்ரவரியில் முதலுதவியாக இருக்க வேண்டியதை ஜூனிலேயே சிகிச்சையாக ஆக்கிவிடுகிறார்கள். ஜூன் மாதமே ஒரு பிள்ளையை 'ஸ்லோ லேர்னர்' என்று தனி வரிசையில் உட்காரவைத்துக் கையேட்டைக் கொடுத்துவிட்டால், மீதிப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இல்லை என்று பொருள். அடுத்த பத்து மாதத்தில் அது கற்றிருக்கக்கூடியதை முன்கூட்டியே மறுத்துவிடுகிறோம்.

மறுமுனையில் நூற்றுக்கு நூறு. 2017-இலேயே மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியலிடும் முறையைத் தமிழ்நாடு கைவிட்டது. ஆனாலும் பள்ளி வாசல் பேனர்களில் சென்டம் எண்ணிக்கை நிற்கவில்லை. பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கை எதைச் சொல்கிறது? 2024-இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். 2025-இல் 1,996 பேர். ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. அதே ஆண்டில் அறிவியலில் 5,104 என்பது 10,838 ஆக உயர்ந்தது. மொத்தத் தேர்ச்சியோ 91.55 சதவீதத்திலிருந்து 93.80 ஆகக் கூடியது. பிள்ளைகளின் கணக்கு அறிவு ஓராண்டில் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடாது. ஆசிரியர்களின் திறமையும் அப்படிக் குறையாது. மாறியிருக்கக்கூடியது வினாத்தாளின் போக்குதான். அப்படியானால் பேனரில் இருக்கும் எண் பெருமளவு வினாத்தாளின் அளவீடு; பள்ளியின் தயாரிப்பை அதைக்கொண்டு அளப்பது சரியல்ல. புக் பேக் கேள்விகளையே பத்து முறை எழுதிப் பார்த்த பிள்ளை, 28-ஆவது, 42-ஆவது கட்டாய வினாக்களில் எண்ணும் வடிவமும் சற்று மாறினாலும் தடுமாறுகிறது. இரண்டாவது அளவுகோலில் இந்தப் பயிற்சி தோற்பது இங்கேதான்.

தேர்ச்சி கூடிக்கொண்டே போகிறதே, முறை சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். வலுவான கேள்வி. 2025-இல் தேர்வெழுதிய 8,71,239 பேரில் 8,17,261 பேர் தேறினார்கள். அது சாதாரண வெற்றியல்ல. அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பங்கு அதில் பெரிது. ஆனாலும் ஏறக்குறைய 54 ஆயிரம் பிள்ளைகள் அந்த மே மாதம் தேறவில்லை. தேறியவர்களிலும் 35-ஐத் தொட்டுத் தாண்டியவர் பிளஸ் ஒன் கணக்கிலோ பாலிடெக்னிக் முதலாண்டிலோ எப்படி நிற்பார் என்பதைத் தேர்ச்சி சதவீதம் சொல்லாது. 'ஏசர் 2023' ஆய்வு நாடு முழுவதும் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ள கிராமப்புறத்தாரைச் சோதித்தபோது, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதம்தான். அது தமிழ்நாட்டுக்கு மட்டுமான எண் அல்ல. ஆனாலும் பத்தாம் வகுப்பு அறையில் உட்கார்ந்திருக்கும் வயதில் வகுத்தலில் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். 2025-26-இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியவர்களுக்காக 'திறன்' என்ற பயிற்சி கொண்டுவரப்பட்டிருக்கிறது. குறை எங்கே இருக்கிறது என்பதை அரசே இனங்கண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. சரியான திசையில் வைத்த அடி. ஒன்பதாம் வகுப்பு ஜனவரியில் முடிந்துபோனால் அந்தப் பயிற்சிக்கும் இடமிருக்காது.

பெற்றோரிடம் கேட்பதும் கேட்காததும்

ஆண்டுத் தொடக்கத்தில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. வந்தவர்களிடம் சொல்லப்படுவது: கேபிளை கட் பண்ணுங்கள், போனைக் கொடுக்காதீர்கள், கல்யாணம் காதுகுத்துக்கு லீவு போடாதீர்கள், டியூஷன் வையுங்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் ஏன் ஒப்புக்கொள்கிறோம்? ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் அளவீடு. வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அதில்தான் வருகின்றன. பிள்ளைகள் படத்தைப் பார்த்து, வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அம்பத்தூரிலோ காக்களூரிலோ லேத்தில் நிற்கும் அப்பா அந்தக் கருவியைத் தினமும் கையில் பிடிக்கிறவர். முதன்மை அளவுகோல் எங்கே முடிகிறது, வெர்னியரின் எந்தக் கோடு மேல் கோட்டோடு சேர்கிறது என்று கண்பார்வையிலேயே சொல்லிவிடுவார். அவரை வகுப்புக்கு அழைத்து அரைமணி நேரம் பேசவைத்தால், பிள்ளைகளுக்குப் பாடமும் புரியும். அவர் மகனுக்கு அப்பாவும் புரிவார். இந்தத் தொழிற்பகுதியின் பள்ளிகளுக்கு வேறு எந்த ஊருக்கும் எளிதில் கிடைக்காத செல்வம் இது. பயன்படுத்தாமல் கிடக்கிறது.

பெற்றோரால் செய்ய முடிந்த, செய்ய வேண்டிய காரியங்கள் தெளிவானவை. முதலாவது, பெயர். பொதுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் (நாமினல் ரோல்) தயாராகும்போது பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப் பார்க்க வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஓர் எழுத்து தவறி அச்சானால், பாஸ்போர்ட் எடுக்கும்போதும் வேலையில் சேரும்போதும் அலைச்சல்தான். இரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை மே மாத நெரிசலுக்கு முன்பே இ-சேவை மையத்தில் எடுத்துவைப்பது. மூன்றாவது, தூக்கம். இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டியது பிள்ளையின் பொறுப்பு மட்டுமல்ல, வீட்டின் பொறுப்பு. நான்காவது, அப்பாவின் ஷிப்டையும் பிள்ளையின் படிப்பு நேரத்தையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. இரவு ஷிப்ட் வாரத்தில் பள்ளி மாலைப் படிப்பு. பகல் ஷிப்ட் வாரத்தில் வீட்டில் படிப்பு. இவற்றுக்கு எவரும் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது திசை. இப்போது அது மே மாதத்தில், ரிசல்ட் வந்த கையோடு, பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு இரண்டு நாளில் முடிவாகிறது. சில தனியார் பள்ளிகள் ரிசல்ட்டுக்கு முன்பே பிளஸ் ஒன் சேர்க்கையை முடித்துவிடுகின்றன. அந்த அவசரத்தில் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை மாற்றுகிற பெற்றோர் பலருக்கு, எதை விடுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்து தனியார் பள்ளிக்கு மாறினால் இவை கைவிட்டுப் போகக்கூடும். மாறுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தெரிந்து மாற வேண்டும்.

இந்த வட்டாரத்தில் வேறு பாதைகளும் கண்ணெதிரே இருக்கின்றன. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவை மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டுமான இடங்கள் என்று பேசும் வழக்கம் பெரிய அநியாயம். "நான் பட்ட கஷ்டம் நீ படக்கூடாது" என்று சொல்லும் அப்பாவின் அன்பு உண்மையானது. ஆனால் ஷாப் ஃப்ளோரில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவருக்கும், தொழில் படித்து நிரந்தர வேலையில் இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு அவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். டிசம்பருக்குள், பதற்றம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

தீர்ப்பு

மூன்று அளவுகோல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. ஒன்பதாம் வகுப்பை விழுங்கிப் பத்தைத் தொடங்கும் பழக்கம் தவறு. அது தயாரிப்பே அல்ல. மாலைப் படிப்பறை சரி, அதுவும் ஆறு மணியோடு நின்றால். டியூஷன், குறையைக் கண்டு அடைத்தால் சரி. பாடத்தைத் திரும்ப நடத்தினால் வீண். மெல்லக் கற்போர் கையேடு கடைசி இரண்டு மாதங்களுக்கு மட்டும். சென்டம் எண்ணிக்கை பள்ளியை அளக்கும் கோல் அல்ல. பெற்றோர் கூட்டம் இன்றைய வடிவில் பயனற்றது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, பிள்ளையின் குறை, சான்றிதழ், திசை என்ற மூன்றைப் பேசினால் மிகப் பயனுள்ளது.

செய்ய வேண்டியதைப் பள்ளிகள் நாளையே தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஆண்டிறுதித் தேர்வு வரை முழுமையாக நடக்கட்டும். பத்தாம் வகுப்பின் முதல் இரண்டு வாரம் புதிய பாடம் வேண்டாம்; ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழ்வகுப்புகளில் எது விட்டுப்போனது என்று ஒரு தாளில் எழுதட்டும்; அந்தத் தாளின் ஒரு பிரதி வீட்டுக்குப் போகட்டும். அந்த இரண்டு வாரம் வீணாகும் என்று அஞ்ச வேண்டாம். 30/√3-இல் நிற்காத பிள்ளை அந்த நாட்களை ஆகஸ்டுக்குள் ஈடுகட்டிவிடும்.

பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான். தனியார் பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் உண்டு. அங்கே "டென்த் போர்ஷன் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "ஒன்பதாவதுல எத்தனை பாடம் நடத்தாம விட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். வேப்பம்பட்டில் பத்துப் பெற்றோர் சேர்ந்து ஒரு ஜனவரியில் இந்தக் கேள்வியைக் கேட்டால், அந்தப் பள்ளியில் அடுத்த ஆண்டின் பத்தாம் வகுப்பு சரியான இடத்தில் தொடங்கும்.